ஜப்தியின் வலது முன்னங்கால்

செழியா,

இன்று தை மாதம் ஆறாம் நாள். எனக்கு எழுபத்தொன்பது வயதும் இரண்டு மாதமும் பதினேழு நாளும் ஆகின்றன. வயதை நாள் கணக்கோடு சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வயதில் ஒருத்தி கடிதம் எழுதினால், படிக்கிறவர்கள் பாதியை நினைவுத் தடுமாற்றம் என்றும் மீதியைப் பாசம் என்றும் தள்ளிவிடுகிறார்கள். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவள். எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று இன்னும் மறக்கவில்லை. பாசத்தைப் பொறுத்தவரை, அதைக் காட்டுவதில் நான் கெட்டிக்காரி அல்ல என்பது உனக்கே தெரியும். ஆகவே இதில் இருப்பதை இருக்கிறபடியே படி. உன் நண்பர்களுக்குக் காட்ட வேண்டுமென்றாலும் காட்டு. ஒளிக்க வேண்டியது எதுவும் இனி என்னிடம் இல்லை.

பொங்கலுக்கு நீ வரவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை என்றாய். அதற்கு முந்தைய தீபாவளிக்கும் கிடைக்கவில்லை. ஆனால் மாட்டுப் பொங்கலன்று காலையில் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாய்: "ஜப்தி போட்டோ ஒண்ணு அனுப்பும்மா. முகம் மட்டும்." அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் படித்துவிட்டு நான் கைப்பேசியை அரிசிப் பானையின் மூடி மேல் வைத்துவிட்டேன். முகம் மட்டும். இந்தக் கடிதம் மீதி உடம்பைப் பற்றியது.

முதலிலிருந்து சொல்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் உன் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தார் ஆட்சேபித்தார்கள் என்று, கைக்கடக்கமான ஒரு குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தாய். "ஒரு மாசம் வச்சுக்கம்மா, வேற வீடு பாத்துட்டுக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாய். தாய் லாப்ரடார், தகப்பன் ராஜபாளையம் என்று அதன் வம்சாவளியை நீ சொன்னபோது, நம் வம்சாவளியை ஒருநாளாவது இவ்வளவு அக்கறையோடு கேட்டிருக்கிறாயா என்று நினைத்துக்கொண்டேன். முதல் வாரத்திலேயே அது உன் அத்தையின் செருப்பு, என் கண்ணாடிக் கூடு, கேஸ் அடுப்புக்காரர் கொண்டுவந்த ரசீது எல்லாவற்றையும் கவ்விக்கொண்டு போய்ச் சாம்பல் குழியில் சேர்த்தது. கடனுக்காகக் கோர்ட்டு அமீனா வந்து பண்டம் பாத்திரத்தை ஜப்தி செய்து எடுத்துப் போவதை நேரில் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். ஜப்தி என்று பெயர் வைத்தேன். ஒரு மாதம் எட்டு ஆண்டுகளாயிற்று.

போன வைகாசியில் அது வலது முன்னங்காலை நொண்டத் தொடங்கியது. கருவேல முள் என்று நினைத்தோம். உன் அத்தை பாக்கியம், உன் அப்பா போனபிறகு எனக்குத் துணையாக வந்து, நான் சொல்வதில் பாதியை மறுப்பதையே தொழிலாகக் கொண்டிருப்பவள், புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டாள். உள்ளூர் மருந்தகத்தில் ஊசி போட்டார்கள். நான்கு நாள் ஓடியது, ஐந்தாம் நாள் மறுபடி நொண்டியது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலுமிச்சங்காய் அளவில் ஒரு வீக்கம். தொட்டுப் பார்த்தேன். கல் போல இருந்தது. சீழ் கட்டியிருந்தால் அமுங்கும், சதை வீக்கம் என்றால் நகரும்; இது இரண்டும் செய்யவில்லை. அன்றே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியையும் தெரிந்துகொள்ளாமல் இன்னும் இரண்டு வாரம் பற்றுப் போடவிட்டேன். இது இந்தக் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ளும் முதல் பிழை. இதைவிடப் பெரியவை பின்னால் வருகின்றன.

ஆனி மாதம் ஒரு குட்டி யானை வண்டியை அமர்த்திக்கொண்டு ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். இருபுறமும் குறுவை நட்டுத் தண்ணீர் நின்றது. ஜப்தி வண்டியின் பின்புறம் பாக்கியத்தின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தது. ஊடுகதிர்ப் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு அந்த இளம் மருத்துவர் என்னைப் பார்த்தாள். உன் மகளைவிடப் பத்து வயது பெரியவளாக இருக்கலாம். எலும்பின் ஓரம் கறையான் அரித்த கதவு நிலை போல இருந்தது.

"முன்கால்லதானே எடை அதிகம் தாங்கும்?" என்றேன்.

அவள் திரும்பினாள். "நீங்க டீச்சராம்மா?"

"ரிடையர்டு."

"என்ன சப்ஜெக்ட்?"

"சுவாலஜி."

"அப்ப நான் சுத்தி வளைக்காம சொல்லிடறேன். எலும்புப் புத்துநோய். மூணு வழி இருக்கு. மாத்திரை குடுத்து வலியக் கொறச்சுக்கிட்டே போகலாம். ஒருநாள் எலும்பு தானா ஒடிஞ்சிரும். இல்ல, இப்பவே ஊசி போட்டுத் தூங்க வச்சிரலாம். இல்ல, தோள்பட்டையோட சேத்துக் கால எடுத்துடலாம், அப்பறம் மருந்து ஏத்தலாம். நெஞ்சுப் படம் இப்போதைக்குச் சுத்தமா இருக்கு. காலை எடுத்தா வலி போயிரும். நோய் முழுசா போயிரும்னு நான் சொல்லமாட்டேன். சில நாய்ங்க அஞ்சாறு மாசம் இருந்துருக்கு, சிலது அதுக்கு மேலயும்."

"எட்டு வயசு. முப்பத்தஞ்சு கிலோ. மூணு கால்ல நிக்குமா?"

"நிக்கும்மா. நாய்க்கு மூணு கால் போதும். கூட இருக்கற மனுஷங்களாலதான் தாங்க முடியறதில்ல."

பாக்கியம் என் முழங்கையைக் கிள்ளினாள். யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அன்று மாலை உன்னை அழைத்தேன். என் முகம் தெரிய வேண்டும் என்று நீ வீடியோவில் திருப்பி அழைத்தாய். நீ பேசியதைச் சொல் மாறாமல் எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் அது தேவைப்படும். "வேண்டாம்மா. வெட்டிட்டு முடமாக்கி வச்சுக்கறதா? அது வாழ்க்கையாம்மா? கௌரவமா போகட்டும், ஊசி போட்டுடு" என்றாய். நாய்க்குக் கௌரவம் எதற்கடா, அது தினமும் சாணிக்குழியில் புரள்கிறது என்றேன். நீ சிரிக்கவில்லை. அழுதாய். நாற்பத்தாறு வயது ஆண், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க அழுவதைப் பார்ப்பது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் அழுதுகொண்டே நீ சொன்ன இன்னொன்றையும் கேட்டேன்: "நான் வந்து பாக்க மாட்டேம்மா, என்னால முடியாது." அப்போது எனக்கு விளங்கியது. உன்னால் தாங்க முடியாதது அதன் வலி அல்ல. அதன் தோற்றம்.

உனக்கு ஒரு கருத்து, உன் அத்தைக்கு ஒரு வழிமுறை. மறுநாள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றாள். வலது கையில் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள், ஒரே அளவில் மடித்து நாரால் கட்டியவை. "ஐயனாருக்கு முன்னாடி வச்சு ஒண்ண எடுத்துப் பாத்துடுவோம் அண்ணி. வெள்ளைப் பூ வந்தா ஊசி போட்டுரலாம். செவப்பு வந்தா வெட்டலாம். வாயில்லா ஜீவன், அந்தப் பாவம் நம்ம தலைல எதுக்கு?" என்றாள்.

பூக்கட்டிப் பார்ப்பது நம் குடும்பத்தின் பழைய பழக்கம் என்று உனக்குத் தெரியும். அது எங்களுக்கு என்ன செய்தது என்று தெரியாது. உன் அப்பா அதைச் சொல்லக் கூடாது என்று இருந்தார், நானும் இருந்தேன். இப்போது கேட்டுக்கொள்.

எனக்குத் திருமணமான புதிது. ஆட்சி மாறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கீழத்தெருவில் செங்கொடி, கடைத்தெருவில் கறுப்பு சிவப்பு, அறுவடைக் கூலிக்காக நாள்தோறும் ஏதாவது ஓர் ஊரில் தகராறு. உன் தாத்தா மிராசுதார் ஒருவரிடம் ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, மூன்று தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்துவந்தார். குத்தகைதாரர்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று புதிய சட்டம் வந்தது. உன் தாத்தா துணிந்து தாலுக்கா அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரமே மிராசுதாரின் காரியஸ்தர் வந்து வாசலில் நின்றார். குரலில் தேன் ஒழுகியது.

"ஐயாவுக்கு உங்க மேல கோவமெல்லாம் இல்ல. அந்த மனுவ மட்டும் வாபஸ் வாங்கிக்கங்க. ஒரே ஒரு கையெழுத்து. அப்பறம் ரெண்டு மா ஒங்க பேருக்கே கிரயம் பண்ணித் தர்றேங்கறாரு. கோர்ட்டு கச்சேரின்னு போனா ஒங்களால முடியுமா, சொல்லுங்க."

உன் தாத்தா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளை வந்தால் கையெழுத்து, சிவப்பு வந்தால் வழக்கு. பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்பது முறை. வீட்டில் இருந்த ஒரே பிள்ளை உன் அத்தை, ஒன்பது வயது. பாவாடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை நந்தியாவட்டை.

அந்த வீட்டில் அன்று பட்டம் பெற்ற ஒருத்தி இருந்தாள். சட்டத்தின் தமிழ்ப் பிரசுரத்தை இரண்டு முறை படித்திருந்தாள். பதிவாகிவிட்டால் யாராலும் எளிதில் இறக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். மேடையேறிக் கடவுள் இல்லை என்று பேசுகிற ஒருவரும் இருந்தார். அவர் உன் அப்பா. இருவரும் வாய் திறக்கவில்லை. பூ சொன்னபிறகு பேசக் கூடாது என்பது முறை. மேடையில் முறைகளை உடைத்தவர் கூடத்தில் அதைக் காப்பாற்றினார். நான் புது மருமகள் என்று எனக்குச் சாக்கு இருந்தது. ஆனால் உண்மை அதுவல்ல, செழியா. வெள்ளைப் பூவைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. இனி எது நடந்தாலும் நான் சொல்லி நடந்ததல்ல. நம் ஆட்கள் பூவை விரும்புவது பக்தியால் அல்ல. அது முன்கூட்டியே நம்மை மன்னித்துவிடுகிறது என்பதால்.

கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த குறுவைக்கு மிராசுதாரின் ஏர்கள் இறங்கின. வரப்பில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். இரண்டு மா கிரயம் கடைசிவரை வரவில்லை. உன் தாத்தா அதே வயலில் கூலிக்கு நாற்றுமுடி சுமந்தார். பின்னாளில் நானும் உன் அப்பாவும் வாங்கிய நாலு மாவைப் பார்க்க அவர் இல்லை. அதன்பின் அந்த வீட்டில் யாரும் பூவைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒன்பது வயதுப் பெண்ணைச் சொன்னதாக ஆகியிருக்கும்.

அந்தப் பெண்தான் இப்போது அறுபதைத் தாண்டி, ஈரத் தலையோடு, கையில் பொட்டலங்களோடு என் முன்னால் நின்றாள். நான் அவற்றை வாங்கி நாரை அவிழ்த்து, இரண்டு பூக்களையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன். "இதச் சாமிக்கே வச்சுட்டு வந்துடு. இந்த நாய் விஷயத்த நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் நகரவில்லை. பூக்களைப் பார்த்தபடி, "அன்னைக்கு நான் எடுத்தது தப்புன்னு சொல்றீங்களா அண்ணி?" என்றாள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கேள்வியை அவள் சுமந்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

"நீ எடுத்தது பூ. கையெழுத்துப் போட்டது நாங்க" என்றேன்.

அவள் முந்தானையில் பூக்களை முடிந்துகொண்டு போனாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் எனக்குக் காபி சரியான சூட்டில் வந்தது.

அந்த நாட்களில் நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, காலை முதல் இரவு விளக்கு அணைக்கும்வரை ஜப்தி செய்வதையெல்லாம் எழுதினேன். எத்தனை முறை எழுந்தது, எந்தப் பக்கம் படுத்தது, பால்காரர் மணி கேட்டதும் காது மட்டும் எழுந்ததா உடம்பும் எழுந்ததா, சோறு எவ்வளவு மிஞ்சியது. முதல் நாள் வாசித்தால் சாகப்போகிற நாய். பாக்கியத்தின் கை பட்டதும் பல்லைக் காட்டியது. எட்டு ஆண்டுகளில் காட்டாத பல். அன்று நீ சொன்ன ஊசிதான் நியாயம் என்று எழுதிக் கீழே கோடும் போட்டுவிட்டேன். இரண்டாம் நாள் அதைவிட மோசம்.

மூன்றாம் நாள் முற்பகல் வேளாண்மைத் துறை அலுவலர் ஒருவர் பயிர்க் காப்பீட்டுப் படிவத்தோடு வந்தார். புதுச் செருப்பை வாசற்படியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தார். வேப்பமரத்தடியில் கிடந்த ஜப்தி தலையைத் தூக்கியது. எழுந்தது. வலது காலை மார்போடு மடக்கிக்கொண்டு, மற்ற மூன்று காலில், முற்றத்தைக் குறுக்கே கடந்து வந்து ஒரு செருப்பைக் கவ்வியது. திரும்பி, அதே மூன்று காலில், சாம்பல் குழி வரை போயிற்று. நடுவில் ஒருமுறைகூட நான்காவது காலை ஊன்றவில்லை. ஊன்ற வேண்டிய தேவையும் அதற்கு வரவில்லை.

"டீச்சரம்மா, என் செருப்பு" என்றார் அவர்.

"இருங்க சார்" என்று சொல்லிவிட்டு நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக என் கண்ணெதிரில் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இந்த நாய் மூன்று காலில் வாழுமா என்பதல்லவா எங்கள் எல்லோருடைய கேள்வியும்? அது ஒரு மாதமாக மூன்று காலில்தான் வாழ்ந்துகொண்டிருந்தது. நான்காவது கால் அதைத் தாங்கவில்லை. அதுதான் நான்காவது காலைத் தாங்கிக்கொண்டிருந்தது. தோளிலிருந்து தொங்கும் வலி, வேறொன்றும் இல்லை. காலைத் தவிர மற்ற எல்லாம், அந்தத் திருட்டுப் புத்தி உட்பட, முழு ஆரோக்கியத்தோடு இருந்தது. முந்தைய பக்கத்தில் போட்ட கோட்டை அடித்துவிட்டு ஒரத்தநாட்டுக்குத் தொலைபேசினேன். அலுவலரின் செருப்பைக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன் என்பதையும் பதிவுசெய்கிறேன்.

ஆடி மாதம் முதல் வாரம் அறுவை. பேசாவிரதத்தை முடிக்காமலே பாக்கியம் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஒப்புதல் படிவத்தில் உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் உன் பெயரை எழுத வேண்டும். என் பெயரை எழுதினேன். கோபித்துக்கொள்ளாதே, முடிவெடுக்கிறவர் யாரோ அவரே உரிமையாளர். இது நாய்க்கு மட்டும் பொருந்துவதல்ல. ஆறு மாவை இழந்து நான் கற்ற பாடம் இது. உனக்கு இலவசமாகத் தருகிறேன்.

இரண்டரை மணி நேரம். மறுநாள் காலையில் பழைய சேலையை நான்காக மடித்து, மார்புக்கு அடியில் கொடுத்து, தூளி போலத் தூக்கி நடக்கவைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தாள். பாக்கியம் தன் நல்ல சேலை ஒன்றையே கொண்டுவந்திருந்தாள். கதவைத் திறந்தோம். ஜப்தி சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. தானாகவே எழுந்து, தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்து, ஒற்றை முன்னங்காலை உடம்பின் நடுவுக்குக் கொண்டுவந்து, முக்காலி போல நின்றது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நாற்பது தையல்களுக்கு மேல் இருக்கும், பாதி உடம்பில் மயிர் இல்லை, வால் ஆடுகிறது. பாக்கியம் சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "இதுக்குப் போயி நல்ல சேலையக் கொண்டாந்தேன் பாருங்க" என்றாள். பேசாவிரதம் அதோடு முடிந்தது.

அன்று மாலை உன்னை வீடியோவில் அழைத்து நாயைக் காட்டினேன். மழித்த தோள்பட்டையைப் பார்த்ததும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "நல்லாருக்கும்மா, நல்லாருக்கு" என்று பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சொன்னாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்லப்போகிறேன். அதற்கு முன் ஜப்தியின் கதையை முடித்துவிடுகிறேன்.

மருந்து நான்கு தடவை ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் சோர்ந்து கிடக்கும், மறுநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிக்கொண்டு வரும். தெருப் பையன்கள் முதலில் "டீச்சர் வீட்டு முக்காலி" என்று கத்தினார்கள். நான் வாசலுக்கு வந்து, மூன்று கால் பிராணியின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவன் யார், வந்து நில்லு என்றேன். கலைந்து போனார்கள். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. பாக்கியமே சில சமயம் அப்படிக் கூப்பிடுகிறாள், அதுவும் திரும்பிப் பார்க்கிறது.

போன வாரம் நம் சம்பா அறுவடை. இயந்திரம் வயலின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வரும். எலிகளெல்லாம் நடுவில் மிஞ்சிய கதிருக்குள் பதுங்கும். கடைசிச் சுற்றில் நாலாபுறமும் தெறித்து ஓடும். அந்த நிமிடத்துக்காக ஊர் நாய்கள் எல்லாம் வரப்பில் காத்திருக்கும் என்பது உனக்கு நினைவிருக்கலாம். ஏழெட்டு நாய்களோடு ஜப்தியும் போய் உட்கார்ந்தது. வண்டியோட்டி இறங்கி வந்து, "ஏங்க, அந்த நொண்டி நாயப் புடிச்சுக் கட்டுங்க. வேகமா திரும்பும்போது குறுக்க வந்துச்சுன்னா ஓட முடியாது" என்றான்.

"அது ஓடறத நீ பாத்துருக்கியா?" என்றாள் பாக்கியம்.

"நொண்டி எங்கக்கா ஓடும்?"

"அப்ப ஒன் சோலியப் பாரு."

கடைசிச் சுற்று. கதிர் சாய்ந்தது. எலிகள் தெறித்தன. நான்கு கால் நாய்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, குரைத்து, சேற்றில் வழுக்கின. ஜப்தி குரைக்கவில்லை. கூட்டத்தை விட்டுத் தள்ளி, வாய்க்கால் மடையருகே நின்றது. மூன்று கால் நாய் துரத்திப் பிடிக்க முடியாது; எங்கே வரும் என்று கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். பூனைக்குட்டி அளவு பெரிய வயலெலி ஒன்று நேரே மடையை நோக்கி வந்தது. இரண்டு தாவல். ஒற்றை முன்னங்காலில் இறங்கி, முகம் சேற்றில் குத்தி, புரண்டு, எழுந்தபோது எலி வாயில் இருந்தது.

வரப்பிலிருந்து யாரோ, "டேய், முக்காலி அடிச்சிருச்சுடா" என்றான். வண்டியோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினான். பாக்கியம் இடுப்பில் கைவைத்து நின்று, "என்னத்தப் பாக்கறீங்க, எங்க வீட்டு நாயி" என்றாள். ஜப்தி அந்த எலியை யாருக்கும் காட்டாமல், எல்லோரையும் தாண்டி, வீட்டுச் சாம்பல் குழிக்கு எடுத்துப் போயிற்று. எனக்கு எழுபத்தொன்பது வயது. பட்டம் வாங்கிய நாளில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

இன்னும் எத்தனை நாள் என்று கேட்பாய். தெரியாது. நெஞ்சுப் படம் இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறாள். அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லை அவள் ஒருமுறையும் விட்டதில்லை, அதனால்தான் அவளை நம்புகிறேன். நாளைக்கே நோய் திரும்பி வந்தாலும் என் முடிவு தவறாகிவிடாது. ஆறு மாதமாக அந்த உடம்பில் வலி இல்லை. இதை நான் வென்றதாகவே எழுதிக்கொள்கிறேன், நோட்டிலும் எழுதிவிட்டேன். முடிவு என்பது பலன் தெரிந்தபிறகு எடுப்பதல்ல. அப்படியானால் அதற்குப் பூவும் வேண்டாம், மனிதரும் வேண்டாம். கண்ணால் பார்க்க வேண்டியதை முகத்தைத் திருப்பாமல் பார்த்துவிட்டு, தன் கையெழுத்தைத் தான் போடுவதுதான் முடிவு.

இனி, நான் சொல்லாமல் வைத்திருந்தது.

நீ ஒன்பதாம் வகுப்பு முடித்த ஆண்டு, தஞ்சாவூர் விடுதியிலிருந்து வந்த உன்னைக் கோடை விடுமுறைக்குக் குத்தாலத்தில் உன் மாமா வீட்டுக்கு அனுப்பினேன். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தச் சென்னைக்குப் போகிறேன், வர ஒரு மாதமாகும் என்றேன். விடைத்தாள் எதுவும் இல்லை. சென்னையில் ஒரு மருத்துவமனையில் என் இடது மார்பை முழுவதும் எடுத்தார்கள். புற்றுநோய்தான். படிவத்தில் கணவர் கையெழுத்துக் கேட்டார்கள். படிவத்தை வாங்கி, அவருக்கு முன்னால் என் கையெழுத்தை நானே முதலில் போட்டேன். உன் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பாக்கியத்துக்குச் சென்ற ஆடியில்தான் சொன்னேன், ஒரத்தநாட்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில், உள்ளே கத்தி வேலை செய்துகொண்டிருந்தபோது. பேசாவிரதத்தில் இருந்தவள் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வாய் திறந்தாள். "எப்புடி அண்ணி இருந்துச்சு?" என்றாள். "வெட்டறதுக்கு முன்னாடி பயமா இருந்துச்சு. வெட்டுன பின்னாடி பசிச்சுது" என்றேன்.

வெட்கத்தால் மறைக்கவில்லை, செழியா. உன் கண்ணில் ஒரு பார்வை வந்துவிடக் கூடாது என்று மறைத்தேன். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று இத்தனை காலம் ஊகித்துக்கொண்டுதான் இருந்தேன்; சென்ற ஆடியில் நீ சுவரைப் பார்த்துப் பேசியபோது நேரில் கண்டேன். என் ஊகம் சரியாகவே இருந்தது. மறைத்ததுதான் பிழை. பதினான்கு வயதில் காட்டிப் பழக்கியிருந்தால், நாற்பத்தாறு வயதில் நீ முகத்தைத் திருப்பியிருக்க மாட்டாய்.

அந்த அறுவைக்குப் பிறகு பத்து ஆண்டுகள் பள்ளிக்கு மிதிவண்டியில் போனேன். மூன்று தலைமையாசிரியர்களோடு சண்டை போட்டு மூன்றிலும் வென்றேன். உன்னைப் பொறியாளராக்கினேன். நாலு மா நிலத்தை என் பெயரில் பதிவுசெய்து பட்டா வாங்கினேன். உன் அப்பாவை எட்டு மாதம் படுக்கையில் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். இதே கையால் உன் மகளுக்கு முதல் எழுத்து எழுதவைத்தேன்.

வெட்டிவிட்டு வாழ்வது வாழ்க்கையா என்று கேட்டாயே. முப்பத்தொரு ஆண்டுகளாக நீ பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அம்மா